சென்னையிலேர்ந்து லண்டன் எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம்: டிக்கெட் கணக்கு ஏன் உதைக்குது

சென்னையில காலைல 5:30க்கு ஒரு ஃப்ளைட் கிளம்புது, லண்டன்ல காலைல 11:00க்கு இறங்குது. திரும்பி வர்றப்போ லண்டன்ல மத்தியானம் 1:00க்கு கிளம்பி சென்னையில மறுநாள் விடிகாலை 4:30க்கு இறங்குது. கணக்கு புரியறதுக்காக நானே போட்ட டைம் இது, எந்த கம்பெனியோட டைம் டேபிளும் இல்ல. ஆனா ராயபுரத்துலயோ திருவொற்றியூர்லயோ வெளிநாட்டுல புள்ளைங்க இருக்குற எந்த வீட்டுல இப்படி ஒரு டிக்கெட்ட காட்டினாலும் மொத கேள்வி இதுதான் வரும்: "இன்னாப்பா இது, போறதுக்கு அஞ்சரை மணி நேரம், வர்றதுக்கு பதினஞ்சரை மணி நேரமா?"

கொஞ்சம் விவரமானவங்க போன்ல தூரம் பாப்பாங்க, 8,230 கிலோமீட்டர்னு வரும், ஃப்ளைட் மணிக்கு 900 போகும்னு எங்கயோ படிச்சிருப்பாங்க, வகுத்தா ஒன்பது மணி நேரம் சொச்சம் வரும், இது அந்த அஞ்சரைக்கும் ஒத்துவராது பதினஞ்சரைக்கும் ஒத்துவராது. இதுக்கு நடுவுல டிவியில "வான்வெளி மூடல், விமானங்கள் சுற்றுப்பாதை"ன்னு ஓடும், அது நம்ம ஃப்ளைட்ட பாதிக்குமா இல்லையான்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

ரெண்டு ஏர்போர்ட்டுக்கு நடுவுல தூரம்ங்கிறது ஒரே ஒரு நம்பர், அது மாறவே மாறாது. நேரம் அப்படி கிடையாது, கடிகாரம், பாதை, காத்து, அரசியல், ரன்வே கியூ எல்லாம் சேர்ந்துதான் அது வருது. ஒவ்வொண்ணா பிரிச்சு பாக்கலாம்.

மொதல்ல கடிகாரத்த சரி பண்ணுங்க

டிக்கெட்டுல போட்டிருக்குற ஒவ்வொரு டைமும் அந்தந்த ஊர் டைம். கிளம்புற டைம் சென்னை டைம், இறங்குற டைம் லண்டன் டைம். இந்த ரெண்டையும் நேரா கழிக்கக் கூடாது, ரெண்டையும் ஒரே கடிகாரத்துக்கு கொண்டு வந்துட்டுதான் கழிக்கணும். அந்த பொதுக் கடிகாரத்துக்கு பேரு யுடிசி, உலகத்துல எல்லா பைலட்டும் எல்லா கன்ட்ரோல் டவரும் இத வெச்சுதான் வேலை பாக்குறாங்க. நம்ம இந்திய நேரம் அதவிட 5:30 முன்னாடி. லண்டன் குளிர்காலத்துல யுடிசியேதான், மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமையிலேர்ந்து அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சுக்குவாங்க.

மேல சொன்ன டிக்கெட்ட குளிர்காலம்னு வெச்சு போடலாம்.

1. போறப்போ: சென்னை 5:30ன்னா யுடிசில 0:00. லண்டன் 11:00ன்னா யுடிசில 11:00. வித்தியாசம் 11 மணி நேரம்.
2. வர்றப்போ: லண்டன் 1:00ன்னா யுடிசில 13:00. சென்னை மறுநாள் 4:30ன்னா யுடிசில முந்தின நாள் ராத்திரி 23:00. வித்தியாசம் 10 மணி நேரம்.

அஞ்சரையும் பதினஞ்சரையும் காணாம போயிடுச்சு, 11ம் 10ம் தான் மிச்சம். இன்னும் ஒரு மணி நேரம் வித்தியாசம் நிக்குதே, அது கடிகாரத்துல இல்ல காத்துல இருக்கு, கீழ வரேன்.

அதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல நிறைய பேர் அடிக்கடி போற ரெண்டு இடம். சென்னையிலேர்ந்து துபாயும் சிங்கப்பூரும் ஏறக்குறைய ஒரே தூரம், ரெண்டுமே சுமார் 2,930 கிலோமீட்டர். ஒண்ணு மேற்கால, ஒண்ணு கிழக்கால, சென்னை சரியா தராசு முள்ளு மாதிரி நடுவுல நிக்குது. ரெண்டுக்கும் 4 மணி நேரம் 15 நிமிஷம் ஆகுதுன்னு வெச்சுக்கோங்க, ரெண்டு ஃப்ளைட்டும் காலைல பத்து மணிக்கு கிளம்புதுன்னு வெச்சுக்கோங்க. துபாய் போறவருக்கு டிக்கெட்டுல 12:45ன்னு போட்டிருக்கும், சிங்கப்பூர் போறவருக்கு 4:45ன்னு போட்டிருக்கும். துபாய் நம்மள விட ஒன்றரை மணி நேரம் பின்னாடி, சிங்கப்பூர் ரெண்டரை மணி நேரம் முன்னாடி, அவ்ளோதான் விஷயம். ஆனா இத பாத்துட்டு "துபாய் கிட்டக்க, சிங்கப்பூர் தூரம்"னு சொல்றவங்கள இன்னைக்கும் பாக்கலாம்.

இந்த மாதிரி குழப்பம் ஒரு காலத்துல இந்தியாக்குள்ளயே இருந்துச்சு. நுங்கம்பாக்கத்துல இருந்த மெட்ராஸ் வானியல் ஆய்வுக்கூடத்த வெச்சு கணக்கு பண்ண மெட்ராஸ் டைம்னு ஒண்ணு இருந்துச்சு, கிரீன்விச்ச விட 5 மணி 21 நிமிஷம் முன்னாடி, ரயில்வே ரொம்ப வருஷம் அந்த நேரத்துலதான் ஓடுச்சு, 1906 ஜனவரிலதான் இப்போ இருக்குற 5:30 வந்துச்சு. பூமி 360 டிகிரிய 24 மணி நேரத்துல சுத்துது, அப்போ ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம், நம்ம ஊரு 80 டிகிரி கிழக்குல இருக்கு, 80ஐ 4ஆல பெருக்குனா 320 நிமிஷம், அதாவது 5 மணி 20 நிமிஷம். எந்த ஊருக்கும் இப்படி கணக்கு போட்டு பாக்கலாம், அரசாங்கம் வெச்ச டைம்ல கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்.

தூரம்: ஒரு ஃபுட்பாலும் ஒரு நூலும்

வியாசர்பாடி பசங்க வீட்டுல ஃபுட்பால் இல்லாம இருக்காது, அத ஒண்ண எடுத்துக்கோங்க. பெரிய சைஸ் பந்தோட சுத்தளவு 70 சென்டிமீட்டர் கிட்ட வரும். பூமியோட சுத்தளவு 40,000 கிலோமீட்டர். அப்போ பந்து மேல ஒரு சென்டிமீட்டர்னா பூமியில சுமார் 570 கிலோமீட்டர். சென்னைக்கு ஒரு பேனா புள்ளி, லண்டனுக்கு ஒரு புள்ளி வெச்சு நடுவுல நூல இழுத்துப் புடிச்சா பதினாலரை சென்டிமீட்டர் வரும். இறுக்கி இழுக்குறப்போ நூல் தானாவே போய் ஒக்காருற பாதை இருக்கு பாருங்க, அதுதான் உருண்டை மேல ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்குற குறைச்ச தூரம். இதுக்கு பேரு கிரேட் சர்க்கிள். போன்ல வர்ற 8,230 கிலோமீட்டர் இந்த நூலோட நீளம்தான்.

காசிமேட்டுல கடலுக்கு போறவங்களுக்கு நாட்டிக்கல் மைல் புதுசு இல்ல, ஜிபிஎஸ்ல அதுலதான் தூரம் பாக்குறாங்க. விமானத்துலயும் அதே மைல்தான். ஒரு நாட்டிக்கல் மைல் 1.852 கிலோமீட்டர், இந்த ஒழுங்கில்லாத நம்பர் எங்கேர்ந்து வந்துச்சுன்னா, பூமியோட வட்டத்த 360 டிகிரியாக்கி ஒவ்வொரு டிகிரியையும் 60ஆ பிரிச்சா வர்ற ஒரு துண்டுதான் அது. சென்னைக்கும் லண்டனுக்கும் நடுவுல பூமியோட மையத்துலேர்ந்து பாத்தா 74 டிகிரி. 74ஐ 60ஆல பெருக்கி அத 1.852ஆல பெருக்குங்க, 8,220 சொச்சம் வரும். கப்பலும் ஃப்ளைட்டும் ஒரே கணக்குலதான் ஓடுது.

இப்போ அந்த நூல சுவத்துல மாட்டுற மேப் மேல போட்டீங்கன்னா எல்லாமே தப்பா தெரியும். உருண்டைய தட்டையாக்குறப்போ வடக்கு பக்கமும் தெக்கு பக்கமும் இழுத்து பெருசாயிடும், அதனாலதான் மேப்ல கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு தெரியுது, நெஜத்துல ஆப்பிரிக்கா அதவிட பதினாலு மடங்கு பெருசு. நூல் மேப்ல வளைஞ்ச கோடா தெரியும், அத பாத்துட்டு "ஏன் சுத்திப் போறாங்க"ன்னு கேப்பாங்க, சுத்தல, மேப்தான் வளைக்குது.

இதுக்கு சான் ஃபிரான்சிஸ்கோ மாதிரி நல்ல உதாரணம் கிடையாது. மேப்ல பாத்தா சென்னையிலேர்ந்து கிழக்கால போய், ஜப்பான தாண்டி, பசிபிக் கடல கடந்து போற மாதிரி தெரியும். பந்து மேல நூல போடுங்க. அது சென்னையிலேர்ந்து கிட்டத்தட்ட வடக்க பாத்து போகும், வங்காள விரிகுடாவ ஒட்டி ஏறி, இமயமலை, திபெத், மங்கோலியா தாண்டி, சைபீரியாவுக்குள்ள நுழையும். மொத்தம் சுமார் 13,900 கிலோமீட்டர், அதுல சரிபாதி எங்க வருதுன்னா ரஷ்யாவுல யாகுட்ஸ்க்ங்கிற ஊருக்கு வடக்கால, குளிர்காலத்துல மைனஸ் 40 சாதாரணமா போற இடம். மாட்டாங்குப்பத்து வெயில்லேர்ந்து கலிஃபோர்னியா வெயிலுக்கு போற வழில பாதி தூரம் உறைஞ்ச காடு.

சென்னையிலேர்ந்து அமெரிக்காவுக்கு நேரடி ஃப்ளைட் கிடையாது, எங்கயாவது மாறித்தான் போகணும். இங்கதான் நூல் கணக்கு காசா மாறுது. நிறைய பேர் "அமெரிக்கா கிழக்கால, அதனால சிங்கப்பூர் வழியா போனா கிட்ட, துபாய் போனா எதிர்த்திசை"ன்னு நெனக்குறாங்க. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு போட்டு பாருங்க:

1. துபாய் வழியா: 2,930ம் 13,020ம் சேர்ந்து சுமார் 15,950 கிலோமீட்டர்.
2. சிங்கப்பூர் வழியா: 2,930ம் 13,580ம் சேர்ந்து சுமார் 16,500.
3. ஃப்ராங்க்ஃபர்ட் வழியா: 7,600ம் 9,150ம் சேர்ந்து சுமார் 16,750.

எதிர்த்திசைன்னு நெனச்ச துபாய்தான் மூணுலயும் கம்மி. துபாய்லேர்ந்து போற நூல் நேரா வடக்க ஏறி வடதுருவத்துக்கு ரொம்ப பக்கத்துல போய் அந்தப் பக்கம் இறங்குது. இதுக்காக துபாய் வழிதான் நல்லதுன்னு நான் சொல்லல, மாறுற ஏர்போர்ட்டுல எவ்ளோ நேரம் காத்திருக்கணும்ங்கிறது இந்த எண்ணூறு கிலோமீட்டர் வித்தியாசத்த ஈஸியா முழுங்கிடும். திசைய வெச்சு முடிவு பண்ணாதீங்கன்னுதான் சொல்றேன்.

900ஆல வகுத்தா ஏன் சரியா வராது

லண்டன் ஃப்ளைட்டுக்கு வகுத்து வந்தது 9 மணி 10 நிமிஷம். டிக்கெட்டுல 11ம் 10ம். மிச்ச நேரம் எங்க போகுது?

1. 900ங்கிறது மேல போன பிறகு வர்ற வேகம். ஏறுறப்பவும் இறங்குறப்பவும் அவ்ளோ வேகம் கிடையாது, பத்தாயிரம் அடிக்கு கீழ 250 நாட், அதாவது மணிக்கு சுமார் 460 கிலோமீட்டர்தான் பொதுவா இருக்குற வரம்பு. ஏற இறங்க சேர்த்து இதுல கால் மணி நேரம் போகும்.
2. டிக்கெட்டுல போடுறது பறக்குற நேரம் இல்ல. ஃப்ளைட்டு சக்கரத்துக்கு முன்னாடி வெக்கிற கட்டைய எடுத்து, கேட்ட விட்டு நகர்ந்த நிமிஷத்துலேர்ந்து, அந்தப் பக்கம் கேட்டுல போய் நின்னு கட்டைய திரும்ப வெக்கிற வரைக்கும். இதுக்கு பிளாக் டைம்னு பேரு. ரன்வே வரைக்கும் ஊர்ந்து போறது, முன்னாடி இருக்குற ஃப்ளைட் கிளம்புற வரைக்கும் நிக்கிறது, இறங்கினப்புறம் கேட் காலியாகுற வரைக்கும் காத்திருக்குறது எல்லாம் இதுக்குள்ள அடங்கும்.
3. லண்டன் ஹீத்ரோ மாதிரி ரெண்டே ரன்வேயில நெருக்கியடிச்சு ஓடுற ஏர்போர்ட்டுல இறங்குறதுக்கு முன்னாடி வானத்துல வட்டம் போட வெப்பாங்க. அதுக்குன்னே நாலு இடம் குறிச்சு வெச்சிருக்காங்க. இது தினமும் நடக்குறதால கம்பெனிங்க டைம் டேபிள் போடுறப்பவே கொஞ்சம் நிமிஷம் கூட சேர்த்துடுவாங்க. வட்டம் போடலன்னா "சீக்கிரம் வந்துடுச்சு"ன்னு சொல்றோமே, அது இந்த சேர்த்து வெச்ச நிமிஷம்தான்.
4. ஃப்ளைட் நூல் மேல போறதில்ல. வானத்துல போட்டு வெச்ச வழிகள்ல, ஒவ்வொரு நாட்டு கன்ட்ரோலும் சொல்ற உயரத்துல போகுது. ஒரு பிரச்சினையும் இல்லாத நாள்ல கூட நூல விட கொஞ்சம் கூடத்தான் ஓடும்.
5. காத்து.

அஞ்சாவது தான் பெரிய ஆளு.

காத்து: காசிமேட்டு நீவாடு கணக்கு

ஒரு ஃபைபர் போட்டு (படகு) அசையாத தண்ணியில மணிக்கு 10 கிலோமீட்டர் போகுதுன்னு வெச்சுக்கோங்க. 30 கிலோமீட்டர் தள்ளி வலை போட போகணும். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், மணிக்கு 2 கிலோமீட்டர் எதிர்ல வருது. போறப்போ கரையிலேர்ந்து பாத்தா போட்டு 8 கிலோமீட்டர்தான் நகருது, 3 மணி 45 நிமிஷம் ஆகும். திரும்புறப்போ அதே நீவாடு தள்ளி விடும், 12 கிலோமீட்டர், ரெண்டரை மணி நேரத்துல கரை. எஞ்சின் ரெண்டு தடவையும் ஒரே மாதிரிதான் ஓடுச்சு, தண்ணிய அது கிழிச்ச வேகமும் ஒண்ணுதான்.

கூட்டி பாருங்க, 6 மணி 15 நிமிஷம். நீவாடே இல்லாம இருந்திருந்தா 6 மணி நேரம். போறப்போ போனது வர்றப்போ கிடைச்சுடும், சமமாயிடும்னு நெனப்போம், ஆகாது, ஏன்னா எதிர் நீவாட்டுல மெதுவா போறதால அந்த நீவாட்டுக்குள்ளயே அதிக நேரம் மாட்டிக்குறோம். டீசல் போடுறவங்களுக்கு இது நல்லா தெரியும்.

விமானத்துக்கு தண்ணி இல்ல, காத்துதான் கடல். காத்த கிழிச்சுட்டு போற வேகத்துக்கு ஏர் ஸ்பீட், கீழ தரையிலேர்ந்து பாத்தா நகர்ற வேகத்துக்கு கிரவுண்ட் ஸ்பீட். சீட்டுக்கு முன்னாடி இருக்குற ஸ்கிரீன்ல வர்றது கிரவுண்ட் ஸ்பீட். போறப்போ 820ன்னும் வர்றப்போ 1,000ன்னும் காட்டினா பைலட் வேகமா ஓட்டல, காத்து மாறியிருக்கு.

பூமத்திய ரேகை பக்கம் சூடு, துருவத்து பக்கம் குளிர். இந்த வித்தியாசத்தால மேல காத்து சூட்டுலேர்ந்து குளிருக்கு நகரப் பாக்குது, பூமி சுத்துறதால அது திரும்பி மேற்குலேர்ந்து கிழக்க பாத்து ஓடுற ஒரு ஆறு மாதிரி ஆயிடுது. 10, 12 கிலோமீட்டர் உயரத்துல, சரியா ஃப்ளைட்டுங்க பறக்குற உயரத்துல, மணிக்கு நூறு இருநூறு கிலோமீட்டர் வேகத்துல, சில நாள் அதுக்கு மேலயும். இதுதான் ஜெட் ஸ்ட்ரீம். ஜப்பான்ல வாசாபுரோ ஓயிஷிங்கிறவர் 1920கள்ல பலூன் பறக்க விட்டு இத அளந்து எழுதுனாரு, உலகம் பூரா படிக்கட்டும்னு எஸ்பெரான்டோ மொழில எழுதுனாரு, அந்த மொழிய படிக்க ஆள் இல்லாததால யாரும் கண்டுக்கல. ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான் மேல உயரத்துல பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமான பைலட்டுங்க எதிர்காத்துல நகர முடியாம திணறுனப்புறம்தான் உலகத்துக்கு உறைச்சுது. அவரு நல்ல எண்ணத்துல பண்ண வேலை வீணாப் போனது எனக்கு எப்பவும் மனசுக்கு கஷ்டமா இருக்கும்.

இந்த ஆறு எவ்ளோ தள்ளும்னு பாக்கணும்னா 2020 பிப்ரவரி 9. நியூயார்க்லேர்ந்து லண்டன் வந்த ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 அந்த தூரத்த 4 மணி 56 நிமிஷத்துல தாண்டிடுச்சு, வழக்கமா ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகுற தூரம். கியாரா புயல் காத்து பின்னாடியிலேர்ந்து தள்ளுச்சு, கிரவுண்ட் ஸ்பீட் 1,300 கிலோமீட்டருக்கு மேல போச்சு. அந்த உயரத்துல சத்தத்தோட வேகமே மணிக்கு சுமார் 1,060 தான், அப்போ சத்தத்த மிஞ்சிடுச்சான்னு கேட்டா இல்ல, அது கிழிச்ச காத்துக்கு அதோட வேகம் வழக்கமான வேகம்தான், காத்தே ஓடிக்கிட்டிருந்துச்சு.

நம்ம லண்டன் கணக்குல நின்ன ஒரு மணி நேரம் இங்கதான் இருக்கு. மேற்கால போறப்போ எதிர்காத்து, கிழக்கால வர்றப்போ பின்காத்து. சிங்கப்பூர், சான் ஃபிரான்சிஸ்கோ நடுவுல இது இன்னும் நல்லா தெரியும், சிங்கப்பூர்லேர்ந்து போறப்போ 15 மணி நேரம் பக்கம், திரும்புறப்போ 17 மணி நேரம் பக்கம்.

தென்னிந்தியாவுக்குன்னு ஒரு தனிக் கதையும் இருக்கு. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும், தென்மேற்கு பருவக்காத்து அடிக்கிற காலத்துல, நம்ம தலைக்கு மேல ரொம்ப உயரத்துல காத்து தலைகீழா கிழக்குலேர்ந்து மேற்க பாத்து ஓடும். திபெத் பீடபூமியும் வட இந்தியாவும் வெயில்ல கொதிச்சு வடக்கு பக்கம் சூடாயிடுறதால இப்படி திரும்புது. வெப்பமண்டல கிழக்கு ஜெட்னு இதுக்கு பேரு, இத 1950கள்ல விவரமா ஆராய்ஞ்சு எழுதுனவரு நம்ம இந்திய வானிலைத் துறையில இருந்த பி. கோட்டீஸ்வரம். அதோட உச்சம் ஃப்ளைட்டு பறக்குறத விட மேல, 15 கிலோமீட்டர் பக்கம் இருக்கு, ஆனா கீழயும் அந்த காத்தோட இழுப்பு உண்டு. அதனால "கிழக்கால போனா எப்பவும் சீக்கிரம்"ங்கிற விதி லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் பொருந்தும், சிங்கப்பூருக்கு ஆடி மாசத்துல பொருந்தாது.

பூமிதான் சுத்துதே, மேலயே நின்னா போதாதா?

இந்த கேள்விய சின்னப் பசங்க மட்டும் இல்ல படிச்சவங்களும் கேக்குறாங்க, கேக்கவேண்டிய கேள்விதான். பூமி மேற்குலேர்ந்து கிழக்கா சுத்துது, சென்னை இருக்குற இடத்துல தரை மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல வேகத்துல நகருது. அப்போ ஃப்ளைட்டு மேல ஏறி நின்னா லண்டன் தானா வந்துடணுமே?

பீச் ஸ்டேஷன்லேர்ந்து கும்மிடிப்பூண்டி போற எலெக்ட்ரிக் ட்ரெயின்ல ஏறுங்க. கொருக்குப்பேட்டை தாண்டி வண்டி வேகம் எடுத்ததும் ஒரு ரூபா காச நேரா மேல சுண்டி விடுங்க. காசு பின்னாடி சீட்டுக்காரர் மேல போய் விழாது, உங்க கையிலயே விழும். ஏன்னா கையில இருந்தப்பவே அதுக்கும் ட்ரெயினோட வேகம் இருந்துச்சு, ட்ரெயினுக்குள்ள இருக்குற காத்துக்கும் அதே வேகம். பூமியும் காத்தும் ஃப்ளைட்டும் அப்படித்தான், மூணும் சேர்ந்தே சுத்துது. ஃப்ளைட்டு அதுக்கு மேல எவ்ளோ நகருதோ அவ்ளோதான் கணக்கு. பூமி சுத்துறது நேரத்த மாத்துறது ஜெட் ஸ்ட்ரீம திருப்பி விடுறது மூலமா மட்டும்தான்.

நூல் போற வழியில யாரு கதவ சாத்தியிருக்காங்க

இப்போ நியூஸுக்கு வரலாம். சென்னை, லண்டன் நூல பந்து மேல திரும்ப போட்டு அது எந்தெந்த நாட்டு மேல போகுதுன்னு விரல் வெச்சு பாருங்க. மகாராஷ்டிரா தாண்டி பாகிஸ்தானோட சிந்து, பலுசிஸ்தான், ஆப்கானிஸ்தானோட தென்மேற்கு மூலை, ஈரான், காஸ்பியன் கடல் (பாதி தூரம் பாக்கு நகரத்துக்கு பக்கத்துல வருது), காகசஸ் மலை, ரஷ்யாவோட தெக்கு ஓரம், உக்ரைன், அப்புறம் போலந்து, ஜெர்மனி, லண்டன். இத ஒரு தடவ படிச்சாலே போதும், பத்து வருஷத்து போர்ச் செய்தி பூரா இந்த நூலுக்கு கீழ கிடக்கு.

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேல இருக்குற வானம் சொந்தம். யார விடலாம் யார விடக்கூடாதுன்னு அவங்க முடிவு பண்ணலாம். விட்டாலும், கீழ சண்டைன்னா ஃப்ளைட்டு கம்பெனியே போக மாட்டேன்னு சொல்லலாம். சமீபத்துல நடந்தது:

1. 2022 பிப்ரவரில உக்ரைன் போர் ஆரம்பிச்சதும் உக்ரைன் வானம் மூடிடுச்சு. ரஷ்யாவும் ஐரோப்பிய, பிரிட்டிஷ், அமெரிக்க கம்பெனிங்களும் ஒருத்தருக்கு ஒருத்தர் கதவ சாத்திக்கிட்டாங்க. அதிகமா அடி வாங்குனது பின்லாந்து கம்பெனி ஃபின்னேர், ஹெல்சிங்கிலேர்ந்து டோக்கியோ ஒன்பதரை மணி நேரத்துல போயிட்டிருந்தது, சுத்தி வளைச்சு வடதுருவத்து பக்கமா போய் 13 மணி நேரம் ஆச்சு. ரெண்டு ஊரும் ஒரு அடி கூட நகரல.
2. 2025 ஏப்ரல் 24ஆம் தேதி பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு தன் வானத்த மூடுச்சு, 30ஆம் தேதி இந்தியாவும் அவங்களுக்கு மூடுச்சு. 2019லயும் இதே மாதிரி பிப்ரவரிலேர்ந்து ஜூலை வரைக்கும் நடந்துச்சு. டெல்லியிலேர்ந்து அமெரிக்கா போற ஏர் இந்தியா ஃப்ளைட்டுங்க வழியில வியன்னாவுல நின்னு எண்ணெய் போட்டுக்கிட்டு போச்சு. இண்டிகோ டெல்லியிலேர்ந்து அல்மாட்டி, தாஷ்கண்ட் போறதையே நிறுத்துச்சு, ஏன்னா சுத்திப் போனா அந்த சின்ன விமானத்தோட டேங்குக்கு தூரம் தாங்காது.
3. 2025 ஜூன்ல இஸ்ரேல், ஈரான் சண்டையில ஈரான், ஈராக் வானம் மூடுச்சு. ஜூன் 23 ராத்திரி கத்தார்லயும் சில மணி நேரம் மூடுனதுல தோஹாவுக்கு போயிட்டிருந்த ஃப்ளைட்டுங்க பாதி வழியில திரும்புச்சு.

பாகிஸ்தான் மூடுனது சென்னை ஆளுங்கள எவ்ளோ பாதிக்கும்ங்கிறதுக்கு பதில் ஃப்ளைட்டு எந்த நாட்டு கம்பெனி, எந்தப் பக்கம் போகுதுங்கிறதுல இருக்கு. தடை இந்திய விமானங்களுக்குதான், பிரிட்டிஷ் கம்பெனிக்கோ ஜெர்மன் கம்பெனிக்கோ இல்ல. சென்னையிலேர்ந்து துபாய் போறது பெரும்பாலும் அரபிக்கடல் மேலயே போயிடும், பாகிஸ்தான தொட வேண்டிய அவசியமே இல்ல. டெல்லி, அமிர்தசரஸ்காரங்களுக்கு விழுந்த அடி நமக்கு விழல, காரணம் தெக்க இருக்கோம்ங்கிறது மட்டும்தான்.

"ஒரு மணி நேரம் சுத்துறாங்க, காசு பாக்குறாங்க"ன்னு கோவப்படுறவங்க இருக்காங்க. அவங்களுக்காக இத எழுதியே ஆகணும். 2014 ஜூலை 17ஆம் தேதி மலேசியா ஏர்லைன்ஸோட எம்ஹெச்17 உக்ரைன் கிழக்குல ஏவுகணை பட்டு விழுந்துச்சு, 298 பேர். அன்னைக்கு அந்த வானம் அந்த உயரத்துல மூடாம இருந்துச்சு, நூல் அது வழியா போனதால நிறைய கம்பெனிங்க அதுல பறந்துக்கிட்டுதான் இருந்தாங்க. 2020 ஜனவரி 8ஆம் தேதி தெஹ்ரான்லேர்ந்து கிளம்புன உக்ரைன் விமானத்த ஈரான் ராணுவம் தப்பா நெனச்சு சுட்டுச்சு, 176 பேர். 2024 டிசம்பர் 25ஆம் தேதி அஜர்பைஜான் ஏர்லைன்ஸ் விமானம் ரஷ்யா வானத்துல அடிபட்டு காஸ்பியன தாண்டி கஜகஸ்தானோட அக்டாவ் பக்கத்துல விழுந்துச்சு, 38 பேர். மூணு இடமும் நம்ம சென்னை, லண்டன் நூலுக்கு ரொம்ப தூரத்துல இல்ல. ஏறியிருக்குறது நம்ம வீட்டுப் புள்ளைங்க, அந்த ஒரு மணி நேரம் சுத்திப் போறது எனக்கு கம்மியாவே படுது.

சுத்துனா எண்ணெய் கூடும், எண்ணெய் கூடுனா எடை கூடும், அந்த எடைய தூக்கவே கொஞ்சம் எண்ணெய் செலவாகும், அதனால நீண்ட தூர ஃப்ளைட்டுல சரக்க குறைப்பாங்க, சில நாள் சீட்ட காலியா விட்டுப் போவாங்க. டிக்கெட் விலை ஏறுறதுக்கு இது ஒரு காரணம்.

கூட்டிட்டு வர போறவங்களுக்கு

டிக்கெட்டுல 4:30ன்னு போட்டிருக்கு, எத்தன மணிக்கு தண்டையார்பேட்டையிலேர்ந்து கிளம்பணும்? கணக்க இப்படி போடுங்க.

1. டிக்கெட்டுல இருக்குறது கேட்டுல வந்து நிக்கிற நேரம், அதுவும் மாசக்கணக்குல முன்னாடி போட்ட மதிப்பீடு. அன்னைக்கு காத்தும் பாதையும் அதுல கிடையாது.
2. ஃப்ளைட் நம்பர வெச்சு போன்ல ட்ராக்கர் பாருங்க. அந்தப் பக்கம் கிளம்புறப்போ அது காட்டுற டைம நம்பாதீங்க, ஃப்ளைட்டு அரபிக்கடல தாண்டி நம்ம கரைக்குள்ள வந்தப்புறம் காட்டுறத நம்புங்க. மிச்சம் ஒன்றரை மணி நேரம் இருக்குறப்போ பெருசா மாறுறதுக்கு ஒண்ணும் இல்ல. குளிர்காலத்துல லண்டன் ஃப்ளைட்டு அரை மணி நேரம் முன்னாடியே வந்து நிக்கிறது அதிசயம் இல்ல.
3. ட்ராக்கர்ல "இறங்கிடுச்சு"ன்னு வந்தா சக்கரம் ரன்வேய தொட்டுதுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் கேட்டு, இமிக்ரேஷன், பெட்டி பெல்ட்டு, கஸ்டம்ஸ். அவங்க வெளில வர முக்கால் மணி நேரத்துலேர்ந்து ஒன்றரை மணி நேரம் ஆகும், நடுராத்திரி நாலு ஃப்ளைட்டு ஒண்ணா இறங்குனா இன்னும் கூட ஆகும்.

பகல்ல வர்ற ஃப்ளைட்டுன்னா விம்கோ நகர்லேர்ந்து ஏர்போர்ட் வரைக்கும் ஒரே மெட்ரோ, மாற வேண்டியதில்ல, ஒரு மணி நேரம் வெச்சுக்கோங்க. ஆனா வெளிநாட்டு ஃப்ளைட்டுங்க நிறைய இறங்குற நடுராத்திரில மெட்ரோ ஓடாது, வண்டி எடுத்துதான் போகணும். அந்த நேரத்துல ரோடு காலியா இருக்கும், ஃப்ளைட்டு மும்பைய தாண்டினத ட்ராக்கர்ல பாத்துட்டு கிளம்புனாலே பெட்டி பெல்ட்டுக்கு வர்றதுக்குள்ள போய் நின்னுடலாம்.